நெல்மணிக்குள் நுழைந்து பார்த்த தாம்பரம் கல்லூரி

களத்து மேட்டில் காற்று வாட்டம் பார்த்து நெல்லைத் தூற்றும்போது முன்னால் விழுவது மணி. தள்ளிப் போய் விழுவது பதர். இரண்டுக்கும் ஒரே உழவு, ஒரே நாற்று, ஒரே தண்ணீர், ஒரே உரம். ஒரே கதிரில் பக்கத்தில் பக்கத்தில் பிறந்தவைதான். ஆனால் ஒன்று நிரம்பியது, மற்றொன்று நிரம்பவில்லை. மூட்டை எண்ணிக்கை குறைந்து நிற்கும்போது உழவர் முதலில் பார்ப்பது தூற்றிய இடத்தில் கிடக்கும் இந்தப் பதர்க் குவியலைத்தான்.

பூப் பூத்ததிலிருந்து அறுவடை வரையில் உள்ள சுமார் 30 நாட்களில் நெல்மணிக்குள் என்னதான் நடக்கிறது? எந்த வழியாக உணவு உள்ளே போகிறது? எந்த இடத்தில் எந்தச் சத்து போய்ச் சேருகிறது? இந்தக் கேள்விகளுக்கு வேளாண்மைக் கல்லூரிகளில்தான் விடை தேடுவார்கள் என்று நினைப்போம். ஆனால் சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியின் ஆசிரியரும் மாணவர்களும் நெல்மணியை மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதும், அதைக் காண அவர்கள் போன வழியும் சிறு விவசாயிகளுக்குப் பயன்படக் கூடியவை.

முட்புதர்க் காட்டில் ஒரு கல்லூரி

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1837-ல் ஒரு பள்ளியாகத் தொடங்கியது. நூறு ஆண்டுகள் சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்துவிட்டு, 1937-ல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. சேலையூர்க் காட்டில் 365 ஏக்கர் நிலம் அதற்குக் கிடைத்தது. அன்று அது பெரும்பாலும் முட்புதர் மண்டிய வறண்ட நிலம். இன்று உள்ளே நுழைந்தால் பெரிய சோலையாக இருக்கிறது, புள்ளிமான்கள் திரிகின்றன.

இந்த மாற்றத்துக்குப் பெரும் பங்கு ஆற்றியவர் தாவரவியல் ஆசிரியர் அல்ல. எட்வர்ட் பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியர். வகுப்பில் அமிலமும் காரமும் பற்றிப் பாடம் நடத்தியவர், வெளியே வந்தால் செடி கொடிகளைத் தேடி அலைந்தார். மனைவி ஆலிஸுடன் சேர்ந்து வளாகத்தில் மரங்களை நட்டு வளர்த்தார். தென்னிந்திய மலைகளில் அவர் திரட்டிய செடிகள் தாவர நூலோருக்குப் பெரிதும் உதவின. சேனை, சேம்பு குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மலைச்செடிக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டிருக்கிறது.

ஒரு துறையில் படித்தவர் அடுத்த துறையின் வேலியைத் தாண்டிப் போய் வேலை செய்வது அந்தக் கல்லூரியில் அப்போதே தொடங்கிவிட்டது எனலாம்.

கோலத்தில் கண்ட கணக்கு

இந்த வழக்கத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர் கிஃப்ட் சிரோமணி. 1932-ல் பிறந்து 1988-ல் மறைந்த இவர், புள்ளியியல் பேராசிரியர். புள்ளியியல் என்றால் கணக்கெடுப்பு, சராசரி என்றுதான் நினைப்போம். இவரோ அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு மாமல்லபுரத்துச் சிற்பங்களிடம் போனார். சிற்பங்களின் முகம், உடல் ஆகியவற்றை அளந்து, அந்த அளவுகளைக் கொண்டு எந்தச் சிற்பம் எந்தக் காலத்துப் பாணி என்று ஆராய்ந்தார்.

இந்த வேலையில் அவரோடு சேர்ந்துகொண்டவர்கள் இருவர். ஒருவர் தத்துவப் பேராசிரியர் மைக்கேல் லாக்வுட். மற்றவர் தாவரவியல் ஆசிரியர் பி. தயானந்தன். மூவரும் சேர்ந்து எழுதிய மாமல்லபுர ஆய்வு நூல் 1974-ல் வெளிவந்தது. கணக்குப் போடுபவர், தத்துவம் சொல்பவர், செடி கொடி படித்தவர் மூவரும் ஒரே பாறையின் முன்னால் நின்று ஆளுக்கு ஒரு கண்ணோடு பார்த்தார்கள். கன்றை நக்கும் பசுவிடம் பால் கறக்கும் சிற்பம் உள்ள அதே மாமல்லபுரம்தான்.

கிஃப்ட் சிரோமணியின் துணைவியார் ராணி சிரோமணி அதே கல்லூரியில் கணிதப் பேராசிரியர். 2019-ல் காலமானார். இவர்கள் இருவரும், ராணியிடம் ஆராய்ச்சி செய்த மாணவி கமலா கிருதிவாசனும் சேர்ந்து 1974-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பொருள் என்ன தெரியுமா? கோலம்!

புள்ளி வைத்துக் கோலம் போடும் பெண், சின்னக் கோலத்தைப் பெரிய கோலமாக வளர்ப்பதற்குச் சில விதிகளைக் கையிலேயே வைத்திருக்கிறாள். எங்கே வளைப்பது, எங்கே சேர்ப்பது, எத்தனை புள்ளிக்கு எத்தனை சுற்று என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இந்த விதிகளைக் கணித மொழியில் எழுதினால் கம்ப்யூட்டரும் கோலம் போடும் என்று இவர்கள் காட்டினார்கள். வாசலில் தினமும் சாணம் தெளித்துப் போடும் கோலம், கம்ப்யூட்டர் படங்களைப் பற்றிய வெளிநாட்டு ஆராய்ச்சி இதழில் இடம் பிடித்தது. கமலா கிருதிவாசன் பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார். 2002-ல் அமெரிக்க அறிவியல் இதழ் ஒன்றில் மார்சியா ஆஷர் என்ற கணித அறிஞர் நம் கோலத்தைப் பற்றி விரிவாக எழுதியபோது, தாம்பரத்து ஆய்வுகளுக்கு உரிய இடம் கொடுத்தார்.

அச்சடித்த தமிழ் எழுத்துக்களைக் கம்ப்யூட்டரே படித்தறியும் முறை பற்றி 1978-லேயே கிஃப்ட் சிரோமணியும் அவருடைய துறையைச் சேர்ந்தவர்களும் ஆய்வு வெளியிட்டார்கள். இன்று பட்டாவையோ பயிர்க்கடன் ரசீதையோ செல்போனில் படம் எடுத்தால் அதிலுள்ள தமிழை அந்தக் கருவி எழுத்தெழுத்தாகப் படிக்கிறதே, அந்த வகை வேலைக்குத் தமிழில் நடந்த ஆரம்ப முயற்சிகளில் அதுவும் ஒன்று.

இலையில் உள்ள கதவுகள்

மாமல்லபுரத்தில் சிற்பங்களைப் பார்த்த தாவரவியல் ஆசிரியர் தயானந்தன்தான் நம் நெல்மணிக் கதைக்கு உரியவர். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் காஃப்மன் என்ற பேராசிரியரோடு சேர்ந்து அவர் செய்த ஆய்வுகளில் மூன்று, நம் வயலில் தினமும் காணும் காரியங்களைப் பற்றியவை.

முதலாவது, இலைத் துளைகள் பற்றியது. இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வொரு துளைக்கும் இரண்டு கதவுகள் போல் இரு காவல் செல்கள். துளை திறந்தால்தான் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே போய், வெயிலின் உதவியால் மாப்பொருள் ஆகும். இந்தக் கதவுகளைத் திறப்பது சாம்பல் சத்து என்னும் பொட்டாசியம். காவல் செல்களுக்குள் பொட்டாசியம் புகுந்தால் தண்ணீரும் பின்தொடர்ந்து புகும், செல்கள் உப்பி வளையும், துளை திறக்கும். பொட்டாசியம் வெளியேறினால் துளை மூடிக்கொள்ளும். இந்தப் பொட்டாசியப் போக்குவரத்தைப் பற்றித் தயானந்தனும் காஃப்மனும் 1975-ல் ஆய்வு வெளியிட்டார்கள்.

யூரியா போட்டால் மூன்றாம் நாள் பயிர் கறுத்து நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. பொட்டாஷ் போட்டால் அப்படி ஒன்றும் தெரிவதில்லை. அதனால் கையில் காசு குறைந்தால் முதலில் பொட்டாஷைத்தான் நிறுத்துகிறோம். கண்ணுக்குத் தெரியாத கதவுகளை இழுத்து மூடுகிறோம் என்பது அப்போது தோன்றுவதில்லை.

இரண்டாவது, சாய்ந்த பயிர் நிமிர்வது பற்றியது. காற்று மழையில் சாய்ந்த இளம்பயிர் இரண்டொரு நாளில் கணுவில் வளைந்து தலைதூக்குவதைப் பார்த்திருப்போம். புல் இனப் பயிர்களின் கணுவை ஒட்டிப் பருத்த ஒரு பகுதி உண்டு. அதிலுள்ள சில செல்களில் மாவுத் துகள்கள் இருக்கின்றன. தண்டு படுத்தால் அந்தத் துகள்கள் தம் கனத்தால் புதிய அடிப்பக்கத்துக்குச் சரிந்து விழுகின்றன. செடிக்கு அதுதான் தூக்குக்குண்டு! எது மேல், எது கீழ் என்று அதைக் கொண்டே தெரிந்துகொள்கிறது. உடனே கீழ்ப்பக்கத்துச் செல்கள் நீளத் தொடங்குகின்றன. தண்டு மேல்நோக்கி வளைகிறது. 1976, 1977 ஆண்டுகளில் தயானந்தனும் உடன் ஆராய்ந்தவர்களும் இந்தப் பகுதியின் அமைப்பையும் அது வளையும் விதத்தையும் விளக்கினார்கள்.

இளம்பயிருக்கு இந்தச் சக்தி உண்டு; கதிர் முற்றிய பயிருக்கு இல்லை. ஆகவேதான் மணி பிடித்த பிறகு சாய்ந்தால் தானாக எழும் என்று காத்திருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். வயலில் நிற்கும் நீரை உடனே வடித்து, அருகருகே உள்ள நான்கைந்து குத்துக்களைச் சேர்த்துக் கட்டி நிறுத்தும் பழக்கம் வந்ததும் இதனால்தான்.

மூன்றாவது, நெல் இலை ஏன் கையை அறுக்கிறது என்பது. நெற்பயிர் மண்ணிலிருந்து மணல் சத்தாகிய சிலிகாவை ஏராளமாக உறிஞ்சி, இலை ஓரத்திலும் தண்டிலும் உமியிலும் சேர்த்து வைக்கிறது. உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி இதுதான். செடிக்குள் சிலிகா எங்கே இருக்கிறது என்பதைச் சாயம் ஏற்றிக் காணும் முறைகளைத் தயானந்தன், காஃப்மன் முதலியோர் 1983-ல் வெளியிட்டார்கள். சிலிகா சேர்ந்த பயிருக்குத் தண்டு உரம் கூடும், குலைநோயைத் தாங்கும் சக்தியும் கூடும். வைக்கோலையும் உமியையும் ஆண்டுதோறும் வெளியே விற்றுவிட்டு மண்ணுக்கு ஒன்றும் திருப்பித் தராவிட்டால், இந்தச் சத்தும் வண்டியேறிப் போய்விடுகிறது. மட்கிய வைக்கோலும் உமிச் சாம்பலும் அதைத் திருப்பிக் கொடுக்கும் எளிய வழிகள்.

மணிக்குள்ளே ஒரே ஒரு வாய்க்கால்

தாம்பரத்தில் தயானந்தனிடம் ஆராய்ச்சி செய்தவர்கள் நெல்மணியையே எடுத்துக்கொண்டார்கள். மணி வளர்வதில் உமியின் இரு ஓடுகளுக்கும் என்ன பங்கு என்பது பற்றி எபனேசர் முதலியோருடன் 1990-ல் ஓர் ஆய்வு வந்தது. மணிக்குள் எந்தச் சத்து எங்கே சேர்ந்திருக்கிறது என்பது பற்றி எஸ். கிருஷ்ணன், எபனேசர், தயானந்தன் மூவரும் 2001-லும், மணி நிரம்பும் விதம் பற்றிக் கிருஷ்ணனும் தயானந்தனும் 2003-லும் எழுதிய கட்டுரைகள் பெங்களூரிலிருந்து வரும் அறிவியல் இதழ்களில் வெளியாயின. கிருஷ்ணன் பின்னாளில் கோவா பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராகப் பணியாற்றினார்.

இந்த ஆய்வின் முறையைக் கவனிக்க வேண்டும். பூத்த நாளிலிருந்து வெவ்வேறு வயதுள்ள மணிகளை எடுத்து, முடியினும் மெல்லியதாகச் சீவ வேண்டும். அது தாவரவியல் கைவேலை. மாப்பொருளுக்கு ஒரு சாயம், புரதத்துக்கு ஒரு சாயம், எண்ணெய்க்கு ஒரு சாயம் என்று ஏற்ற வேண்டும். அது வேதியியல். அதைத் தக்க ஒளியில் வைத்து, எது எந்த நிறத்தில் ஒளிர்கிறது என்று பார்க்க வேண்டும். அது இயற்பியல். மூன்றும் ஒருவர் கையில் சேராவிட்டால் மணி தன் ரகசியத்தைச் சொல்லாது.

மணி நிரம்பும் விதம் இதுதான். நெல்மணியின் முதுகுப் பக்கத்தில் நீளவாக்கில் ஒரே ஒரு உணவுக் குழாய்த் தொகுதி ஓடுகிறது. இலையில் தயாரான சர்க்கரை, தண்டு வழியாக, காம்பு வழியாக, இந்த ஒரே வாய்க்காலில்தான் வந்து சேருகிறது. மாவு சேரும் உட்பகுதிக்குள் கிளை வாய்க்கால் கிடையாது. முதுகு வாய்க்காலிலிருந்து கசிந்து, இடையிலுள்ள மெல்லிய திசுக்களைக் கடந்து, செல்லுக்குச் செல் கைமாறித்தான் உள்ளே போக வேண்டும். ஒரு மடையை மட்டும் நம்பிப் பாயும் வயலைப் போன்றது நெல்மணி.

மடை திறந்திருக்கும் காலமும் குறைவு. ஏறக்குறைய முதல் ஒரு வாரத்தில் மணி தன் முழு நீளத்தை எட்டிவிடும். பிறகு அகலமும் கனமும் கூடும். தண்ணீராக இருந்தது பாலாகி, பால் மாவாகி, மாவு கெட்டியாகும். இடையில் நீர் வற்றினாலோ, வெயிலே இல்லாமல் மூடிக் கிடந்தாலோ, பூச்சி பாலை உறிஞ்சினாலோ இழந்ததைப் பின்னால் ஈடுகட்ட மணிக்கு வழியில்லை. மாவு நெருங்கி அடையாத இடத்தில் காற்றுப் புகுந்து நிற்கும். அரிசியில் காணும் வெள்ளைப் பொட்டு அதுதான். அந்த அரிசி ஆலையில் உடைந்து குருணையாகும்.

உமியும் சும்மா இருக்கவில்லை. கதிர் வெளியே வருமுன்பே உமியின் அளவு தீர்மானமாகிவிடுகிறது. எத்தனை உரம் போட்டாலும் உமி என்ற பெட்டிக்கு மேல் மணி பெருக்காது. ஆகவே கதிர் உருவாகும் பருவத்தில் பட்டினி போட்டால் பெட்டியே சிறுத்துவிடும். பூத்த பிறகு பட்டினி போட்டால் பெட்டி இருக்கும், உள்ளே பொருள் இருக்காது.

சத்து எங்கே, நாம் தின்பது எது?

சாயம் ஏற்றிப் பார்த்ததில் தெரியும் மற்றொரு காரியம் வீட்டு அடுப்பைச் சேர்ந்தது. நெல்மணியின் நடுவில் இருப்பது பெரும்பாலும் மாப்பொருள். புரதமும் எண்ணெயும் தாது உப்புக்களும் அதைச் சுற்றிய மெல்லிய தோல் போன்ற அடுக்கிலும் முளையிலும்தான் அதிகம். முதுகு வாய்க்காலை ஒட்டிய பக்கத்தில் இந்த அடுக்கு தடித்திருக்கும். வயிற்றுப் பக்கத்தில் மெல்லியதாக இருக்கும்.

ஆலையில் அரிசியை வெள்ளைவெளேர் என்று தீட்டும்போது இந்த அடுக்கும் முளையும் தவிடாகப் போகின்றன. நூறு கிலோ நெல்லில் ஏறக்குறைய 20 கிலோ உமி. 8 முதல் 10 கிலோ வரை தவிடு. அந்தத் தவிட்டில்தான் உழவர் பாடுபட்டுச் சேர்த்த சத்தில் பெரும்பங்கு இருக்கிறது. மாட்டுக்குத் தவிடு வைத்தால் பால் பெருகுகிறது என்றால் காரணம் இதுதான். புழுங்கல் போடும்போது மேலடுக்கிலுள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி உள்ளே இறங்கிவிடும். ஆகவே புழுங்கலரிசி, அதுவும் ஒருமுறை மட்டும் தீட்டிய அரிசி, வீட்டுக்கு ஏற்றது. விற்பதற்கு எப்படித் தீட்டினாலும் வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் இரண்டு மூட்டையையாவது அதிகம் தீட்டாமல் அரைத்து வாங்கலாம்.

வயலில் செய்ய வேண்டியவை

இந்த ஆய்வுகளையும் வேளாண்மைத் துறை பரிந்துரைகளையும் சேர்த்துப் பார்த்தால் பதரைக் குறைக்கக் கீழ்க்கண்டவற்றில் கவனம் வைக்க வேண்டும்.

விதை: கருக்காய் கலந்த விதை வலுவில்லாத நாற்றையே தரும். நல்ல முட்டை மிதந்து, நாலணா அளவு வெளியே தெரியும் வரை தண்ணீரில் உப்பைக் கரைத்து, அதில் விதைநெல்லைக் கொட்டி, மிதப்பதை நீக்க வேண்டும். அடியில் தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிய பிறகே ஊற வைக்க வேண்டும். அலசாவிட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும்.

உரம்: மண் பரிசோதனைப்படி தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் அடியுரமாகவும், தூர் கட்டும்போதும், கதிர் உருவாகும்போதும், கதிர் வெளிவரும்போதும் நான்கு பாகமாகப் பிரித்து இடுவது நல்லது. யூரியாவை மட்டும் வாரிப் போட்டால் பயிர் கொழுத்துச் சாயும், நிழல் கூடி அடி இலைகள் வீணாகும், பதர் கூடும்.

தண்ணீர்: மற்றப் பருவங்களில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடலாம். பொதிப் பருவத்திலிருந்து பால் பிடித்து முடியும் வரை மட்டும் வயல் காயக் கூடாது. ஏரித் தண்ணீர் குறைவாக உள்ள ஆண்டில் முன்பருவத்தில் மிச்சம் பிடித்து இந்தப் பருவத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் நீரை வடித்துவிடலாம்.

மருந்து: நெல் பூ பெரும்பாலும் முற்பகலில் விரியும். ஒரு கதிர் முழுவதும் பூத்து முடிய ஒரு வாரம் வரை ஆகும். இந்த நாட்களில் காலையில் மருந்து தெளிப்பதைத் தவிர்த்து, அவசியமானால் மாலையில் தெளிக்க வேண்டும். பால் பிடிக்கும் பருவத்தில் வயலில் நாற்றம் எடுத்தால் கதிர் நாவாய்ப் பூச்சி வந்துவிட்டது என்று பொருள். அது பாலை உறிஞ்சிவிட்டால் மணி திரும்பாது. வரப்புப் புல்லை முன்கூட்டியே செதுக்கி வைப்பது பாதி வைத்தியம்.

அறுவடை: கதிரின் நுனி மணிகள் முதலில் பூத்து முதலில் முற்றும்; அடி மணிகள் பிந்தும். அடியெல்லாம் பழுக்கட்டும் என்று காத்திருந்தால் நுனி உதிரும். நூற்றுக்கு 80 முதல் 85 மணிகள் வைக்கோல் நிறம் கண்டதும் அறுத்துவிட வேண்டும்.

நிரப்பம் எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க நுண்பெருக்கி தேவையில்லை. பூத்த பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை கதிரின் நுனியிலிருந்தும் அடியிலிருந்தும் இரண்டிரண்டு மணிகளைப் பறித்து, நகத்தால் கீறி, பால் இருக்கிறதா, மாவு இருக்கிறதா என்று பார்த்து வரலாம். எந்த நாளில் எந்த மணி தேங்குகிறது என்பது தெரிந்தால், அடுத்த போகத்தில் தண்ணீரையா உரத்தையா மருந்தையா மாற்ற வேண்டும் என்பதும் தெரியும்.

வயல் போன ஊரில் நெல் ஆராய்ச்சி

தாம்பரத்தைச் சுற்றி சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை என்று ஊருக்கு ஓர் ஏரி உண்டு. இவை அனைத்தும் பாசனத்துக்காக வெட்டப்பட்டவை. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் பார்த்துப் பயிர் செய்த ஊர்கள் இவை. இன்று அந்த ஏரிகளின் ஆயக்கட்டில் பெரும்பாலும் வீடுகள் நிற்கின்றன. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது. மதகு இருக்கிறது, பாய வயல் இல்லை. ஏரி இருக்கிறது, கேட்க ஆயக்கட்டுக்காரர் இல்லை.

நெல்மணிக்குள் புகுந்து பார்த்த கல்லூரியைச் சுற்றியிருந்த நெல்வயல்கள் கண்ணெதிரே மறைந்தன. அங்கே கண்டறிந்தது பயன்பட வேண்டியது இனி திருப்போரூரிலும் மதுராந்தகத்திலும் உத்திரமேரூரிலும் இன்னும் ஏர் பூட்டுகிறவர்களுக்குத்தான். அவர்களுக்கோ அந்தக் கட்டுரைகள் எட்டுவதில்லை, எட்டினாலும் ஆங்கிலம். ஆராய்ச்சிக்கும் வயலுக்கும் நடுவே உள்ள இந்த வரப்பை வெட்டிவிடுவது யார் பொறுப்பு என்ற கேள்வி இன்னும் நிற்கிறது.

அந்த வேலையைச் செய்யத் தகுந்தவர்கள் விவசாயிகளின் பிள்ளைகளே. பதரைப் பார்த்து மனம் நொந்த வீட்டிலிருந்து போகிற பையனோ பெண்ணோ பட்ட மேற்படிப்புக்குப் போகும்போது, எந்தப் பாடம் எடுத்தாலும் பக்கத்துப் பாடத்தையும் விடாமல் தொட வேண்டும். செடி படிப்பவர் வேதியியலையும், கணக்குப் படிப்பவர் மண்ணையும் தொட்டுப் பார்க்கட்டும். வேதியியல் படித்தவர் மரம் நட்டதும், புள்ளியியல் படித்தவர் கோலத்தைக் கவனித்ததும் அந்த ஊரில் நடந்தவைதாமே!

உண்மையில் உழவருக்கு இது புதிய பாடம் அல்ல. வானம் பார்த்து விதைக்கிறார், மண்ணைக் கையில் எடுத்து ஈரம் பார்க்கிறார், பூச்சியை அறிகிறார், மாட்டுக்கு வைத்தியம் செய்கிறார், சந்தைக் கணக்குப் போடுகிறார். இதில் எதையும் தனித்தனி அறையில் வைத்து அவர் பூட்டியதில்லை. பயிர் ஒன்றுதான், அதற்கு வரும் துன்பமும் ஒன்றாகச் சேர்ந்துதான் வருகிறது.

அடுத்த முறை களத்தில் தூற்றும்போது பதரை மேட்டோரம் தள்ளிவிடாமல் ஒரு பிடி அள்ளிப் பிரித்துப் பாருங்கள். முழுக்க வெறும் உமியாக இருந்தால் பூக்கும்போது தவறு நடந்திருக்கிறது. உள்ளே சிறிது மாவு கண்டு நின்றிருந்தால் பால் பிடித்த பிறகு மடை அடைபட்டிருக்கிறது. அந்த வித்தியாசத்தைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த பட்டத்துக்கு நாற்று விடுங்கள்.